தகப்பனார் தொழில்: கடத்து

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் பேருந்து நிலையத்துக்குச் சற்று மேலே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயருக்குத்தான் ஜெராக்ஸ். தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம், மனு எழுதுவது எல்லாமே உண்டு. பதினேழு வருஷமாக இந்தப் பக்கத்து மக்களின் பிறப்பு, இறப்பு, வாரிசு, வருமானம் எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. யார் வாழ்க்கையையும் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடக்கிப் பழகிய கை. அந்தக் கை போன ஆனி மாத மழையில் ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டது. அதைப் பற்றி எழுதிவிட்டால்தான் எனக்கு நிம்மதி.

எண்பதைத் தொட்ட ஒரு மலையாளிப் பெரியவர் வந்தார். நாடுகாணிப் பக்கம் முக்கால் ஏக்கர் வைத்திருக்கிறார். மிளகு, பாக்கு, நாலு காப்பிச் செடி. இங்கே நிலத்துக்குப் பட்டா வாங்குவது என்ன பாடு என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜமீன் மாதிரியான ஜன்ம நிலவுரிமையை ஒழிக்கப் போட்ட 1969-ஆம் வருஷத்து ஜன்மச் சட்டத்திலிருந்து இன்றுவரை மனு எழுதி எழுதியே இரண்டு தலைமுறை போய்விட்டது. அந்த மனுக்களில் குடும்பம் எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் வந்தது, அங்கே என்ன தொழில் என்று வரிசையாக எழுதுவது வழக்கம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டே வந்தேன். சொந்த ஊர் அரீக்கோட்டுப் பக்கம், சாலியாற்றங்கரை. வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனார் பெயர் சொன்னார். "அப்பா அங்க என்ன தொழில் பண்ணாருங்க?" என்று கேட்டேன்.

"கடத்து."

விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடியும் கேட்டேன். "கடத்து மோளே. அச்சன் கடத்துகாரன்." சொல்லும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. எனக்கு மலையாளம் காதில் விழுந்து புரியும், பேசவும் ஓரளவு வரும். ஆனால் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. என் மனசில் ஓடியது தமிழ்க் 'கடத்தல்' மட்டும்தான். நாடுகாணி சோதனைச் சாவடியில் ரேஷன் அரிசி கடத்தல், சந்தனக்கட்டை கடத்தல், ஆள்கடத்தல். மூன்று மாநிலம் கூடுகிற இடத்தில் குடியிருக்கிறோம், பேப்பரைப் பிரித்தால் வாரத்துக்கு ஒரு கடத்தல் இருக்கிறது. அப்புறம் அவரே கையால் துழாவிக் காட்டினார். தோணி, அதை ஊன்றித் தள்ளுகிற கழுக்கோல், அக்கரை. சரி, ஆற்றில் ஆட்களை ஏற்றி அக்கரையில் விடுகிறவர் என்று புரிந்தது.

புரிந்த பிறகும் அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கப் போகிறவருக்கு இது தெரியுமா? நிலம் கேட்டு வந்திருக்கிற, வெளியூரிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் மனுவில் கடத்து என்ற எழுத்து இருந்தால் அவர் என்ன நினைப்பார்? ஒரு சொல் ஒரு குடும்பத்தின் மேல் ஒட்டிக்கொண்டால் அதைக் கழுவ எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன். யோசித்துவிட்டு, 'கூலி' என்று தட்டினேன். அது யாரும் கேள்வி கேட்காத சொல். ஆயிரம் விண்ணப்பத்தில் தட்டிய சொல்.

அச்செடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. "வாயிச்சுக் காட்டு மோளே" என்றார். வாசித்தேன். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூலியல்ல மோளே. கடத்து" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் உறைக்கிறது. வெட்கமாகிவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, ஓடக்காரர் என்று சொன்னேன். தலையசைக்கவில்லை. தோணிக்காரர் என்றேன். "தோணி இருக்கிறவனெல்லாம் கடத்துகாரன் ஆகுமோ? மீன்பிடிக்காரனுக்கும் தோணி உண்டு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். கடைசியில் 'ஓடம் ஓட்டுபவர்' என்று எழுதி, பதினைந்து ரூபாயை வாங்காமல் அனுப்பினேன். அவர் வாங்கச் சொல்லி வற்புறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அந்த ஓடம் ஓட்டுபவரிலும் அவருக்குச் சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பஃறியும் ஃபெர்ரியும்

அதற்கு அடுத்த மாதம், ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தமிழ் எடுத்த ஐயா கடைக்கு வந்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. கோடு போட்ட நோட்டில் கட்டுரை எழுதிக்கொண்டு வருவார், நான் தட்டச்சு செய்து கொடுப்பேன். இந்தத் தடவை எழுதியிருந்தது, ஆளை அக்கரை சேர்க்கிற படகை ஆங்கிலத்தில் ஃபெர்ரி என்று சொல்கிறார்களே, அது நம் பஃறியிலிருந்து போன சொல் என்று. ஆற்றின் மேல் மனசு ஏற்கெனவே கிடந்ததாலோ என்னவோ, தட்டிக்கொண்டிருக்கும்போதே நான் அதில் இறங்கிவிட்டேன்.

பஃறி அழகான சொல். பட்டினப்பாலையில் வருகிறது. வெள்ளை உப்பைக் கொடுத்து அதற்கு ஈடாக நெல்லை ஏற்றிக்கொண்டு வந்த படகுகள், லாயத்தில் குதிரைகளைக் கட்டுவதுபோல் வரிசையாகத் தறியில் கட்டிக் கிடக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் இதே ஐயாதான் அதைக் குதிரை தலையாட்டுவதுபோல் தலையை ஆட்டிக் காட்டி நடத்தினார். அன்றைக்கு நான் பார்த்த படகு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் அது சரக்குப் படகு. ஆளைக் கரை மாற்றுகிற வேலை அந்த வரிகளில் இல்லை. அதோடு, எழுத்தில் பார்த்தால் இரண்டிலும் ஆய்தம் இருப்பதால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிறது. ஆங்கில ஒலிக்காக ஃப என்று எழுதுவது நேற்று வந்த ஏற்பாடு. பஃறியின் ஆய்தம் வேறொரு ஒலி. எழுத்து ஒன்றுபோல இருப்பதை வைத்துச் சொல் ஒன்று என்று சொல்லிவிட முடியுமா?

"ஐயா, இது சரியா வருமாங்களா?" என்று கேட்டேன். "ஏம்மா, கட்டுமரம் கேட்டமரன் ஆகலையா?" என்றார். ஆனது. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது, அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சங்காடம் என்று நாமும் சங்ஙாடம் என்று மலையாளிகளும் சொல்கிற, மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை இருக்கிறதே, அது போர்த்துகீசியர் வாயில் ஜங்கட ஆகிக் கடல் தாண்டி, இன்றைக்குப் பிரேசில் நாட்டு மீனவர்களின் பாய்மரத் தெப்பத்துக்குப் பெயராக இருக்கிறது. இப்படி உண்மையாகவே ஊர் சுற்றிய சொற்கள் நம்மிடம் இருக்கும்போது, வழியே தெரியாத ஒன்றை ஏன் நம்முடையது என்று இழுக்க வேண்டும் என்பதுதான் என் மனசில் இருந்தது. அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

போகவைத்தல், கடக்கவைத்தல்

தேடினேன். பழைய ஆங்கிலத்தில் ஃபரன் என்று ஒரு வினை. போதல், பயணம் செய்தல் என்று பொருள். அதிலிருந்து ஃபெரியன். போகச் செய்தல், அதாவது ஒருவரை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தல். ஃபெரியன்தான் ஃபெர்ரி. முதலில் அது படகின் பெயரே இல்லை, ஒரு செயலின் பெயர். ஃபரனிலிருந்துதான் நாம் பஸ்ஸில் கொடுக்கிற ஃபேரும் வந்தது. முதலில் பயணம் என்றிருந்து பிறகு பயணத்துக்கான காசாக மாறிவிட்டது. விடை கொடுக்கும்போது சொல்கிற ஃபேர்வெல் என்பதும் நல்லபடியாகப் போ என்பதே, நாம் போய் வாருங்கள் என்கிற மாதிரி. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் போவதற்கு ஃபாரென் என்றும் அக்கரை சேர்க்கும் படகுக்கு ஃபேரே என்றும் சொல்கிறார்கள்.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது கடையில் கரண்ட் போனது. இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. நட, நடத்து. கிட, கிடத்து. கட, கடத்து. ஃபரன், ஃபெரியன். ஒரே வேலை! தானாகச் செய்கிற வினையை இன்னொருவரைச் செய்யவைக்கிற வினையாக மாற்றுவது. அவர்கள் 'போ'வை எடுத்துப் 'போகவை' என்று ஆக்கினார்கள். நாம் 'கட'வை எடுத்துக் 'கடக்கவை' என்று ஆக்கினோம். அந்தப் பெரியவர் சொன்ன கடத்து, ஃபெர்ரிக்கு எழுத்துக்கு எழுத்து உறவு கிடையாது, கருத்துக்குக் கருத்து உடன்பிறப்பு. இரண்டு ஊரிலும் ஆற்றங்கரையில் நின்ற மனுஷர்கள் படகைப் பார்க்காமல் படகுக்காரர் செய்கிற காரியத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மீன்பிடிக்காரனுக்கும் தோணி உண்டு என்று அவர் சொன்னதும் இதையேதான். நான் அகராதியெல்லாம் புரட்டிக் கண்டுபிடித்ததை அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மலையாளத்தில் கடத்து என்றால் இன்றைக்கும் ஆறு கடத்தும் தொழில்தான். படகு வந்து அணைகிற துறை கடவு. திருட்டுத்தனமாகச் சரக்குக் கொண்டுபோவதைச் சொல்ல அவர்கள் 'கள்ள'த்தை முன்னால் சேர்த்துக் கள்ளக்கடத்து என்கிறார்கள். கெட்டதற்குத்தான் அங்கே அடைமொழி. நாமும் ஒரு காலத்தில் கள்ளக்கடத்தல் என்று சொன்னவர்கள்தான். பேச்சில் கள்ளம் உதிர்ந்துபோய், அதன் குற்றம் மட்டும் கடத்தலின் மேல் தங்கிவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் மின்கடத்தி இருக்கிறது, வெப்பம் கடத்தல் இருக்கிறது, அங்கே ஒரு குற்றமும் இல்லை. பாஸ்போர்ட்டைக் கடவுச்சீட்டு என்கிறோம். பாஸ்வேர்டைக் கடவுச்சொல் என்கிறோம். தினமும் நாலு பேருக்கு நான் கடவுச்சொல் மாற்றிக் கொடுக்கிறேன். அதற்குள்ளே ஒரு படித்துறை இருப்பது எனக்கு அதுவரை தெரியவில்லை. துறையே அப்படித்தானே. ஆற்றில் இறங்குகிற, படகு அணைகிற இடம் துறை. மயிலாடுதுறை, காங்கேசன்துறை. இன்றைக்கு என் கடையில் அந்தச் சொல் வருவதெல்லாம் வருவாய்த் துறை, வனத்துறை என்றுதான்.

ஐயா அடுத்த வாரம் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு உடனே ஒப்பவில்லை. ஜெர்மானிய மொழிகளின் ஃப பல இடங்களில் ஒரு காலத்தில் ப-வாக இருந்தது, பிதாவும் ஃபாதரும் போல, 1822-இல் கிரிம் என்ற ஜெர்மன் மொழியறிஞர் அதை விதியாகவே எழுதிவைத்தார் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஆதியில ப-தானே?" ஆமாம், ப-தான். ஆனால் அது சமஸ்கிருதத்தில் அக்கரையைக் குறிக்கிற 'பார' என்ற சொல்லின் ப. நாம் சுமையைச் சொல்கிற பாரம் வேறு. அக்கரை வரைக்கும் போய்ச் சேர்வது பாராயணம், ஒரு நூலைக் கடைசிவரை ஓதி முடிப்பது. அக்கரையே இல்லாதது அபாரம். ஃபெர்ரிக்கு நம் வாயில் புழங்குகிற சொந்தக்காரர்கள் இவர்கள்தான். ஐயா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அபாரம்னா கரையில்லாததா? நாப்பது வருஷம் பசங்க பேப்பர்ல அபாரம்னு சிவப்பு மையில எழுதிக் குடுத்திருக்கேம்மா" என்றார். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், ஃபெர்ரி இல்லாமல் பஃறியைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். உப்பும் நெல்லும் குதிரையும். முதலில் எழுதியதைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது. அதற்கும் காசு வாங்கவில்லை.

அம்மா வந்த கப்பல்

கூலி என்று நான் ஏன் தட்டினேன் என்பதற்கு வருகிறேன்.

என் அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று முடிவு செய்ய, 1964-இல் இரண்டு நாடும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. மனுஷர்களைப் பங்கு பிரித்த கணக்கு அது. அம்மாவின் குடும்பம் முதல் கணக்கில் விழுந்தது. எழுபதுகளில் ரயிலில் தலைமன்னார் வந்து, அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து மலையேறித் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டம். இரண்டு கரைக்கும் இடையில் போய் வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலை ஆங்கிலத்தில் ஃபெர்ரி என்றுதான் எழுதியிருப்பார்கள். அம்மாவுக்கு அது கப்பல். அதில் ஏறும்போது அவருக்கு ஒன்பது வயது. தாத்தா கையில் குடும்பத்துக்கான கடவுச்சீட்டு. இலங்கையில் அப்போதே அதைக் கடவுச்சீட்டு என்றுதான் சொன்னார்களாம்.

தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே உழைத்தவர்களை அங்கே கள்ளத்தோணி என்று ஏசுவார்கள். திருட்டுத்தனமாகத் தோணி ஏறி வந்தவர்கள் என்று அர்த்தம். தாத்தா பிறந்ததே அங்கேதான், அவர் எந்தத் தோணியில் வந்தார்? ஆனாலும் கடைத்தெருவில் அந்தச் சொல் பின்னாலேயே வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். இங்கே வந்த பிறகு சிலோன்காரர்கள். இரண்டு கரையிலும் கூலி என்ற பட்டம் மட்டும் மாறவில்லை. என் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பனார் தொழிலுக்கு நேரே இருந்ததும் அதுதான். அப்பா எழுதவில்லை, யாரோ எழுதிக்கொடுத்தது. கொழுந்து எடுக்கிற, கவாத்து வெட்டுகிற, மருந்தடிக்கிற எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விடுவார்கள். அதை வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்றோ, கையை உயர்த்தி நிறுத்த வேண்டும் என்றோ எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. கடத்து என்று எழுதினால் அந்தப் பெரியவர் மேல் கறை விழும் என்று பயந்துதான் மாற்றினேன். பயத்தில் எடுத்துப் போட்டது எங்கள் வீட்டு மேலேயே கிடந்த சொல்.

இதை அம்மாவிடம் ஒரு நாள் ராத்திரி சொன்னேன். கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "மட்டக்களப்புப் பக்கம் அதைப் பாதைன்னுதான் சொல்லுவாங்க" என்றார். மரத்தையோ பீப்பாயையோ மிதக்கவிட்டு மேலே பலகை போட்டு, ஆள், சைக்கிள், மாடு எல்லாவற்றையும் ஏற்றிக் களப்பு என்கிற உப்பங்கழியைக் கடக்கவைக்கிற மிதவையின் பெயரே பாதை! "பாதை வருது, பாதை போயிருச்சு, பாதைக்காக நிக்கிறேன்" என்று பேசுவார்களாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாம் பாதையில் போவோம், அங்கே பாதை வந்து நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே சொன்னார். அங்கே இருந்தவரை இந்தியாதான் அக்கரை. கப்பலில் பாதி தூரம் வந்ததும் யாரோ ஒரு பாட்டி திரும்பிப் பார்த்து, "அக்கரை மறைஞ்சு போச்சு" என்று அழுதாராம். அதைக் கேட்டுத்தான் அம்மாவுக்குத் தான் எதையோ விட்டுவிட்டு வருவது விளங்கியதாம்.

மாயாற்றுப் பரிசல்

தை மாதம் தெங்குமரஹாடாவில் ஒரு கல்யாணம். என்னோடு தட்டச்சு படித்த தோழியின் தம்பிக்கு. கோடநாடு காட்சிமுனையில் நின்று பார்த்தால் நேர் கீழே பச்சைத் துண்டு மாதிரி தெரிகிறதே, அந்த ஊர். 1948-இல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்து விவசாயம் செய்யப் போனவர்களின் ஊர். நீலகிரி மாவட்டம்தான், ஆனால் அங்கே போக மலையிறங்கி, பவானிசாகர் போய், காராச்சிக்கொரை சோதனைச் சாவடி தாண்டிக் காட்டுக்குள் ஆடி ஆடிப் போக வேண்டும். பஸ் மாயாற்றின் கரையில் நின்றுவிடும். ஊர் அக்கரையில். பாலம் கிடையாது. பரிசல்தான்.

நான் அதற்கு முன் பரிசல் ஏறியதில்லை. மூங்கில் பத்தையைக் கூடை மாதிரி முடைந்து, அடியில் சாக்கும் பிளாஸ்டிக்கும் போர்த்தித் தார் பூசியிருந்தது. ஒரு ஆள் அதைத் தலைகீழாக முதுகில் கவிழ்த்துக்கொண்டு வந்தார், தூரத்தில் ஆமை நடந்து வருவது மாதிரி இருந்தது. பஸ் நின்ற இடத்துக்கு நேரே இறக்காமல் கரையோரமாக மேல்பக்கம் கொஞ்ச தூரம் கொண்டுபோய்த்தான் தண்ணீரில் போட்டார். ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது. பரிசலுக்கு முன் பின் கிடையாது, தண்ணீர் இழுத்த இழுப்புக்குச் சுற்றும். மேலே ஏறிப் போய்ப் போட்டால், ஆறு கீழே இழுத்துக்கொண்டு போகிறபோதே குறுக்கே துடுப்புப் போட்டுச் சரியாக எதிர்த்துறையில் கொண்டுவந்து சேர்க்கலாம். ஆற்றோடு சண்டை போடாமல் ஆற்றையே வேலை வாங்குகிறார்கள்.

எட்டுப் பேர் ஏறினோம். சுற்றி வட்டமாகக் குந்தவைத்தார். நடுவில் அரிசி மூட்டை, ஒரு பால் கேன், சீர்த்தட்டு. கனமான ஆளை எதிரெதிரே மாற்றி உட்காரச் சொன்னார். அவர் விளிம்பை ஒட்டி மண்டியிட்டு, துடுப்பை முன்னால் நீட்டித் தண்ணீரைத் தன் பக்கம் வாரி வாரி இழுத்தார். அடியில் ஊறிய தண்ணீர் என் கொலுசைத் தொட்டது. ஒரு சின்னப் பையன் பெயிண்ட் டப்பாவால் அதை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தான், யாரும் சொல்லாமலே. நடு ஆற்றில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. வந்த கரை போகிற கரையாகி, போகிற கரை வந்த கரையாகித் திரும்பவும் சரியானது. பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பயந்தது அவரில்லை, நான்.

இறங்கும்போது பரிசல்காரரிடம் கேட்டேன், மழைக்காலத்தில் எப்படி என்று. "தண்ணி வரத்து சாஸ்தியா இருந்தா யாரையும் கடத்தி உட மாட்டனுங்க. ஆஸ்பத்திரிக் கேசுன்னா மட்டும் ரெண்டு பேராப் போயி கடத்தி உடுவமுங்க" என்றார்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று திரும்பச் சொல்லச் சொன்னேன். அவருக்கு நான் ஏன் கேட்கிறேன் என்று புரியவில்லை. கொஞ்சம் சத்தமாக, காது கேட்காதவளுக்குச் சொல்வதுபோல், "கடத்தி உடுறதுங்க, அக்காட்டுக்கு" என்றார். எதிர்க்கரையைக் கையால் காட்டினார். தமிழில் அந்தச் சொல் செத்துவிட்டது என்று எட்டு மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் மாவட்டத்திலேயே, நான் எட்டிப் பார்த்த காட்சிமுனைக்கு நேர் கீழே, தினமும் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. பரிசல் என்பதும் பழைய சொல்தான், கன்னடத்தில் ஹரிகோலு என்பார்கள். அதெல்லாம் அந்த நேரம் எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாண வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை. திரும்பி வரும்போதும் அவர்தான். ஓடக்கூலி எவ்வளவு என்று கேட்டேன். கல்யாணத்துக்கு வந்த ஆட்களிடம் வாங்குவதில்லை என்றார்.

மாசியில் நாடுகாணிப் பெரியவர் மறுபடி வந்தார். முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை, இன்னொன்று எழுத வேண்டும் என்றார். இப்படித்தான், ஒரு மனுவோடு எதுவும் முடிவதில்லை. பழைய கோப்பைத் திறந்தேன். அந்த வரியை முழுக்க அழித்துவிட்டு, ஒரு சொல்லாக இல்லாமல் ஒரு வாக்கியமாகவே எழுதினேன். 'என் தகப்பனார் சாலியாற்றின் கடவில் தோணி வைத்து, ஆற்றைக் கடக்க வேண்டிய ஆட்களைக் கடத்திவிடும் தொழில் செய்து வந்தார்.' கேட்காமலே வாசித்துக் காட்டினேன். கடவு என்ற இடத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது. கடத்திவிடும் என்று வந்தபோது, "அது தமிழோ?" என்று கேட்டார். "தமிழ்தாங்க. தெங்குமரஹாடாவுல சொல்றாங்க" என்றேன். அந்த ஊரை அவருக்குத் தெரியவில்லை. பரிசலைப் பற்றிச் சொன்னேன். மேல்பக்கம் ஏறிப் போய்த் தண்ணீரில் போடுவதைச் சொன்னதும் சிரித்தார். "அச்சனும் அங்ஙனே. வெள்ளம் கூடியா மேலே போய் விடும்." ராத்திரி இரண்டு மணிக்கு அக்கரையில் யாராவது கூவினால்கூட அச்சன் எழுந்து போவாராம். கூவுகிறது யார் என்று கேட்க மாட்டாராம்.

பக்கம் அச்சாகி வந்துகொண்டிருந்தது. திடீரென்று என் கையைத் தொட்டு நிறுத்தச் சொன்னார்.

"இன்னொண்ணு எழுதணும் மோளே. கர்ப்பிணிகளோடும் ஸ்கூல் பிள்ளைகளோடும் அச்சன் காசு வாங்கிட்டில்ல."

பட்டா மனுவுக்கு அது தேவையா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் விரலால் மானிட்டரைக் காட்டினார், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தை. எழுதினேன்.